அப்பா எழுதிய கணக்குப் பரீட்சை

என் மகள் பத்தாம் வகுப்புக்கு வந்த வருடம், பள்ளி திறந்த இரண்டாவது சனிக்கிழமை பெற்றோருக்கென்று ஒரு கூட்டம் வைத்தார்கள். பிள்ளைகளின் படிப்பில் பெற்றோர் எப்படிப் பங்கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று பேச வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் அம்மையார் வந்திருந்தார். நல்ல குரல். தி. நகரில் இருந்த அந்தப் பள்ளியின் மாடி அரங்கில் மின்விசிறிகள் போட்ட சத்தத்தையும் மீறி அவர் பேசியது கடைசி வரிசைவரை கேட்டது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அரங்கிலேயே குறிப்பெடுத்தது நான் ஒருவன்தான் என்று பிறகு என் மனைவி சொன்னாள். சொன்ன விதத்தில் பெருமை எதுவும் தெரியவில்லை.

நான் சைதாப்பேட்டையில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகக் கோர்ட்டுக்கு வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய், எந்த வழக்கு எந்தத் தேதிக்குத் தள்ளிப்போனது என்று எழுதிக்கொண்டு வருகிறவன். யாராவது மேடையில் நின்று பேசினால் கை தானாகப் பேனாவைத் தேடும். என் மனைவி ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். உலகத்தில் எந்த டாக்டரின் கையெழுத்தையும் படித்துவிடுவாள். என் முகத்தைப் படிப்பது அவளுக்கு அதைவிடச் சுலபம்.

“ஸ்கூல் எப்படி இருந்ததுன்னு கேட்காதீங்க, ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. பதில் நீளமா வர்ற மாதிரி கேளுங்க” என்று அந்த அம்மையார் சொல்லி, பத்து மாதிரிக் கேள்விகளையும் கொடுத்தார். பத்தையும் எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தபோது முதல் கேள்வியைக் கேட்டேன்.

“இன்னிக்கு உன்னை ரொம்ப ஆச்சரியப்படுத்தின விஷயம் என்னம்மா?”

முறுக்கை நிறுத்தி என்னைப் பார்த்தாள். “இந்தக் கேள்விதான்.”

செவ்வாய்க்கிழமை இரண்டாவது கேள்வி. “இன்னிக்கு யாருக்காவது உதவி பண்ணியா?”

“பண்ணிட்டுதானே இருக்கேன். உன்கூட உட்கார்ந்து பேசறேன்ல.”

புதன்கிழமை நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டினாள். “அந்த லிஸ்ட்டைக் குடுப்பா.” சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பேனாவால் முதல் இரண்டையும் அடித்துவிட்டு, மிச்சமிருந்த எட்டுக்கும் வரிசையாகப் பதில் சொன்னாள். பெருமைப்பட்ட தருணம் எதுவும் இல்லை, வருத்தப்பட்ட தருணம் மதியம் புளிசாதம், நாளைக்கு எதிர்பார்ப்பது வெள்ளிக்கிழமையை. ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அடுப்படியில் என் மனைவி கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

இதற்கெல்லாம் சோர்ந்துபோகிற ஆள் இல்லை நான். வகுப்புப் பெற்றோர்களுக்கென்று செல்போனில் ஒரு குரூப் இருந்தது. அதில் கிராஃப் நோட்டு பெரிய அளவா சின்ன அளவா, ரிவிஷன் டெஸ்ட்டுக்கு எந்தப் பாடம் வரை, பென்சிலால் வரைந்த படத்தின் மேல் பேனாவால் பெயர் எழுதலாமா என்று தினமும் ஏதாவது கேட்பேன். மற்றவர்கள் காலை வணக்கம் போடும் இடத்தில் நான் சந்தேகம் போட்டேன். ஆகஸ்ட் மாதத்துக்குள் என் மகளின் தோழிகள் எனக்கு ‘டவுட் அங்கிள்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மகளே வந்து சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதைப்போலச் சொன்னாள்.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு நடந்தது. மற்ற பாடங்களில் எண்பதும் எழுபதுமாக வாங்கியிருந்தவள் கணக்கில் நாற்பத்தாறு வாங்கியிருந்தாள். விடைத்தாளை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். கடைசி ஆறு பக்கம் வெறுமையாக இருந்தது.

“இதெல்லாம் தெரியாதா உனக்கு?”

“தெரியும். படிச்சேன்ப்பா. எழுதும்போது வரல.”

“படிச்சிருந்தா வந்திருக்கும்.”

இந்த ஒரு வரியை எங்கள் அப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார், என் வாத்தியார்களும் சொல்லியிருக்கிறார்கள். அதனால் சொல்லும்போது நாக்குக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. மகள் விடைத்தாளை என் கையிலிருந்து மெதுவாக எடுத்து மடித்தாள்.

“அப்ப நீ எழுது.”

“எதை?”

“இதே மாதிரி ஒரு பேப்பர். மூணு மணி நேரம். நீ படி, படிச்சிட்டு எழுது. வருதான்னு பார்க்கலாம்.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே, “எழுதட்டுமே. மூணு வாரம் டைம் குடு” என்றாள். அதற்கு மேல் சிரிக்க வழி இல்லாமல் போனது.

நான் படித்ததும் பத்தாவதுதான், அதற்கு மேலும் கொஞ்சம். ஆனால் தமிழ் வழியில். மகள் படிப்பது ஆங்கில வழி. அவள் புத்தகத்தைத் திறந்து ‘ஆங்கிள் ஆஃப் எலிவேஷன்’ என்று பார்த்ததும் ஏதோ புதுச் சட்டப்பிரிவு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் அது நம்முடைய பழைய ஏற்றக்கோணம் என்று புரிந்தது. ஊரில் வேட்டியோடு பழகிய ஆள் பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் சட்டென்று அடையாளம் தெரியாது இல்லையா, அப்படி.

படிக்க நேரம் எங்கே என்று பார்த்தேன். வீட்டில் படித்தால் மகள் எட்டிப் பார்த்து, “இன்னும் முதல் சாப்டரா?” என்பாள். ஆபீஸில் படித்தால் எங்கள் வக்கீல் சார் எட்டிப் பார்ப்பார். மிச்சமிருந்தது ரயில். நாங்கள் இருப்பது மேற்கு மாம்பலம். மாம்பலத்தில் ஏறினால் அடுத்த நிறுத்தமே சைதாப்பேட்டை. அந்த நாலு நிமிடத்தில் ஒரு கணக்கின் கேள்வியைப் படிக்கலாம், விடைக்குக் கிண்டிவரை போகவேண்டியிருந்தது. முதல் வாரத்தில் மூன்று நாள் கிண்டியில் இறங்கி எதிர்ப்பக்கம் வண்டி பிடித்துத் திரும்பினேன்.

அந்த வண்டியில் தினமும் எதிரில் உட்காருகிற ஒருவர், என் வயதுதான், கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் என்கிற கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவர், நாலாவது நாள் பொறுக்காமல் கேட்டார்.

“இன்னா சார், பரிச்ச எழுதப் போறியா?”

“ஆமாங்க” என்றேன். உண்மைதானே.

“இன்னா பரிச்ச?”

“பத்தாவது. என் பொண்ணு வைக்கிறா.”

அவர் அதில் வேடிக்கை எதுவும் பார்க்கவில்லை. புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஒரு மனிதர் நின்றுகொண்டு இரண்டு கப்பல்களைப் பார்க்கிற, ‘டான் தீட்டா’ வருகிற கணக்கு அது. அந்த மனிதருக்கு வேறு வேலையே இல்லை என்று நான் மூன்று நாளாக அவர்மேல் கடுப்பில் இருந்தேன்.

“டான் தான சார் இது. நான் டெய்லி போட்டுக்கினு கீறேன்” என்றார். பையிலிருந்த டிபன் பாக்ஸை எடுத்து, ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் ஒடுங்கிப் போகிற இரும்புத் தண்டு எப்படி இருக்கும் என்று அதன் மேல் விரலால் வரைந்து காட்டினார். “இந்தாண்ட பெரிய டயா, அதான் விட்டம், அந்தாண்ட சின்ன டயா. ரெண்டுக்கும் வித்தியாசம் எவ்ளோ, அதுல பாதி. அத்த நீளத்தால வகு. அதான் டான். அந்த டிகிரிக்கு டூலத் திருப்பி வெச்சா கரீட்டா சாய்வு வரும். தப்பா வெச்சா ஜாப் வேஸ்ட். இதுல இன்னா கீது பயப்பட?”

அதற்குப் பிறகு டான் என்னைப் பயமுறுத்தவில்லை. மீதி எல்லாம் பயமுறுத்தியது. ஆனாலும் மூன்றாவது வாரக் கடைசியில் எனக்கு ஓரளவு தெரியும் என்றுதான் நினைத்தேன். அறுபது வாங்குவேன் என்று மனதுக்குள் ஒரு எண் வைத்திருந்தேன். மனைவியிடம் ஐம்பது என்று அடக்கமாகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹாலில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துப் பரீட்சை ஆரம்பித்தது. மகள் எங்கிருந்தோ ஒரு மாதிரி வினாத்தாள் எடுத்து வந்திருந்தாள். செல்போனை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். “பதினஞ்சு நிமிஷம் படிக்கறதுக்கு. எழுதக் கூடாது” என்றாள். பேனாவைத் தொட்டதற்கே ஒரு பார்வை பார்த்தாள். அவளுடைய பள்ளியில் யார் மேற்பார்வைக்கு வருவார்களோ தெரியாது, அவர்களை நினைத்துப் பரிதாபமாக இருந்தது எனக்கு, பிறகு அந்தப் பரிதாபத்தை எனக்கே வைத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு மார்க் கேள்விகள். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோர்ட் வாசலில் நின்று தீர்ப்பை ஊகிக்கிற அனுபவத்தை வைத்து அதை முடித்தேன். இரண்டு மார்க் கேள்விகளில் ஐந்தாவதில் ஓர் இருபடிச் சமன்பாடு வந்தது. அதற்கான சூத்திரத்தை முந்தாநாள் ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்திருந்தேன். எதிரில் இருந்த லேத்காரர் தலையாட்டியிருந்தார். இப்போது எழுதப் போனால் வரவில்லை. மைனஸ் பி வந்தது, வர்க்கமூலம் வந்தது, கீழே இருக்கும் இரண்டு ஏ எதற்குக் கீழே என்பது வரவில்லை. முழுக் கோட்டுக்குமா, பாதிக்கா? அந்தக் கோட்டின் நீளத்தைப் பற்றி நான் இருபது நிமிடம் யோசித்தேன். கீழே தெருவில் கீரைக்காரம்மா முளைக்கீரை அரைக்கீரை என்று போய்க்கொண்டிருந்தார். குக்கர் மூன்று விசில் அடித்தது. என் காது சூடாகிவிட்டது.

அப்புறம் அவசரம் பிடித்துக்கொண்டது. வடிவியலுக்கு வட்டம் போடும்போது காம்பஸ் முள் மேசை விரிப்பில் வழுக்கி வட்டம் முட்டையானது. கிராஃபை ஆசையாக வரைந்தேன். ஐந்து மார்க் கணக்குகளில் ஆறாவதின் நடுவில் இருந்தபோது மகள், “டைம் அப்” என்று தாளை இழுத்தாள். கடைசி வரியைப் பாதியிலேயே எழுதிக்கொண்டு தாளோடு கொஞ்ச தூரம் போனேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு திருத்தினாள். நான் தினத்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை அரை மணி நேரம் படித்தேன்.

“முப்பத்துமூணு” என்றாள்.

“நூத்துக்கா?”

“இல்ல, முப்பத்தஞ்சுக்கு” என்றாள் என் மனைவி.

பாஸாவதற்கு இரண்டு மார்க் வேண்டும். நான் விடைத்தாளை வாங்கி வாதாட ஆரம்பித்தேன். கிராஃபுக்கு எட்டு மார்க், ஆறு போட்டிருந்தாள்.

“கிராஃப் கரெக்ட்தானே?”

“ஸ்கேல் எங்க எழுதியிருக்க? எக்ஸ் ஆக்ஸிஸ்ல ஒரு சென்டிமீட்டர் எவ்ளோன்னு யாருக்குத் தெரியும்?”

“இந்தக் கணக்குல விடை சரியா இருக்கே?”

“ஸ்டெப்பே இல்லாம விடை மட்டும் இருக்கு. எப்படி வந்ததுன்னு நான் எதுக்கு நம்பணும்?”

மேல்முறையீடாக மனைவியிடம் போனேன். அவள் விடைத்தாளைத் தூக்கிப் பிடித்து மருந்துச் சீட்டுப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “இந்த ஏழா ஒண்ணான்னு எனக்கே தெரியல. எனக்கே தெரியலன்னா அது தப்புதான்” என்று தள்ளுபடி செய்துவிட்டாள்.

நான் சிரித்தேன். ஆனால் உள்ளே சிரிப்பு வரவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து படித்தது பொய்யில்லையே. மகளிடம் என்னையறியாமல் சொன்னேன்: “படிச்சேன்ம்மா. அந்த ஃபார்முலா எனக்குத் தெரியும். எழுதும்போது வரல.”

சொல்லிமுடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதிலேயே விழுந்தது. மகள் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவள் சிவப்புப் பேனாவை எடுத்து, நான் பாதியில் நிறுத்தியிருந்த கோட்டை வலது ஓரம்வரை இழுத்துக் காட்டினாள்.

“இது வரைக்கும் வரணும்ப்பா. எனக்கும் இதே இடத்துலதான் நாலு மாசமா குழப்பம்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நானும் எழுதுகிறேன் நீயும் எழுது என்று அவளேதான் சொன்னாள். இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். மேற்பார்வைக்கு என் மனைவி. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே மேற்பார்வை பார்த்ததில் இரண்டு பேருக்குமே கண் கலங்கியது. விடைகளை மகள் திருத்துவாள், அவளுடையதை அவளே கண்டிப்பாகத் திருத்திக்கொள்வாள். எனக்கு அந்த வாரம் முப்பத்தெட்டு. தெருமுனை வரை போய் ஜாங்கிரி வாங்கி வந்தேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் நான் அதைக் கவனித்தேன். எதிரில் உட்கார்ந்திருந்ததால் மட்டுமே கண்ணில் பட்டது. அவள் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டால் அதை விட்டு நகருவதே இல்லை. அடிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள், அழிக்கிறாள், நகம் கடிக்கிறாள், இருபத்தைந்து நிமிடம் போகிறது. அதற்குப் பின்னால் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஐந்து கணக்குகள் வரிசையில் நின்றுகொண்டிருக்கின்றன. அந்த ஆறு வெற்றுப் பக்கங்களின் கதை அதுதான். ஐந்து மாதமாக எத்தனை கேள்வி கேட்டேன், இந்த விஷயம் வெளியே வரவில்லை. அவளுக்கே தெரியாததை அவள் எப்படிச் சொல்லுவாள்?

அன்றைக்குத் திருத்தி முடித்த பிறகு சொன்னேன். “அந்த ஒரு கணக்கை விட்டுட்டுப் போயிருக்கலாமே.”

“முடிக்காம எப்படிப்பா போறது? மனசு அங்கேயே நிக்கும்.”

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொழில். அதிலிருந்துதான் சொல்ல முடிந்தது. “எங்க கோர்ட்டுல ஒரு நாளைக்கு அறுபது கேஸ் இருக்கும். ஒரு கேஸுல சாட்சி வரலன்னா அவருக்காக எல்லாரும் உட்கார்ந்திருக்க மாட்டாங்க. வாய்தா போட்டுட்டு அடுத்த கேஸக் கூப்பிடுவாங்க. அந்தக் கேஸ் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம் இல்ல. அதுக்கு வேற நேரம் குடுத்திருக்குன்னு அர்த்தம்.”

“வாய்தா போட்டா அந்த ஜட்ஜுக்கு மனசு அங்கேயே நிக்காதா?”

“ஜட்ஜுக்கு நிக்காது. கட்சிக்காரருக்குத்தான் நிக்கும்.”

அடுத்த வாரம் எழுதும்போது ஓரிடத்தில் அவள் பேனா நின்றது. நான் என் தாளைப் பார்ப்பதுபோல் அவள் தாளைப் பார்த்தேன். கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘வா’ என்று சின்னதாக எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனாள். கடைசி இருபது நிமிடத்தில் ‘வா’ போட்டதற்கெல்லாம் திரும்பி வந்தாள். மூன்றில் இரண்டு அப்போது சுலபமாக வந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்கு அறுபத்தொன்று. நான் முப்பத்தாறுக்கு இறங்கியிருந்தேன். அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறென்ன ஆகும்?

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு நடந்தது. கணக்கு ஆசிரியை ஒரு நிதானமான பெண்மணி, என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். டவுட் அங்கிளுக்குத் தயாராகிறார் என்று புரிந்தது. நான் அன்றைக்கு எதுவும் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். கேட்காமல் உட்கார்ந்திருந்ததில் அவருக்குத்தான் சங்கடமாகிவிட்டது.

“நல்ல முன்னேற்றம் சார். அறுபத்தெட்டு” என்றார். பிறகு விடைத்தாளைத் திருப்பிக் காட்டினார். “ஆனா எனக்கு ஒரு சந்தேகம். கணக்குப் பேப்பர் முழுக்க ‘வா, வா’ன்னு எழுதி வெச்சிருக்காளே, யாரைக் கூப்பிடறா?”

மகள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கடைசியில் அவளேதான் விளக்கினாள். ஆசிரியை கேட்டுவிட்டுச் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். “பப்ளிக் எக்ஸாம்ல அழிச்சிடும்மா. திருத்தறவங்க பயந்துடப் போறாங்க” என்றார். வெளியே வரும்போது என்னிடம், “நீங்களும் எழுதறீங்களாமே சார், எவ்வளவு வருது?” என்று கேட்டார். நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கினேன்.

ஜனவரி முழுக்க ஞாயிறு தவறாமல் எழுதினோம். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மேசையைத் துடைத்து, பென்சிலைச் சீவி, காம்பஸ் வழுக்காமலிருக்க அடியில் பழைய காலண்டர் அட்டை எல்லாம் போட்டு வைத்துக் காத்திருந்தேன். மகள் அறையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

“அப்பா, இனிமே நான் உள்ள தனியா எழுதிக்கறேனே. நீ எதிர்ல இருந்தா நீ பெருமூச்சு விடறது கேட்குது.”

“நான் எப்ப பெருமூச்சு விட்டேன்?”

“எட்டு மார்க் வரும்போதெல்லாம்.”

சரி என்றேன். அவள் வளர்ந்து ஒரு வேலையைத் தனியாகச் செய்யப் போகிறாள், அதற்காகத்தானே இவ்வளவும். அது தெரிந்தும், சீவி வைத்த இரண்டு பென்சிலையும் பார்த்தபோது மனம் ஒரு மாதிரி ஆனது. அவள் கதவைச் சாத்தப் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

“நீ வேணும்னா எழுதுப்பா. நான் சாயங்காலம் திருத்தித் தரேன்.”

எழுதினேன். நாற்பத்தேழு. இன்றுவரை அதுதான் என் அதிகபட்சம்.

பொதுத்தேர்வு முடிவு மே மாதம் வந்தது. கணக்கில் எண்பத்தொன்று. மகள் செல்போனை நீட்டிக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். என் மனைவியும் பார்த்தாள். மீதிப் பத்தொன்பது எங்கே போனது என்ற கேள்வி எனக்குள் தொண்டைவரை வந்து நின்றது. அதை விழுங்கியதுதான் அந்த வருடம் நான் எழுதிய பரீட்சைகளிலேயே கடினமானது. “ரொம்ப நல்லா பண்ணியிருக்கம்மா” என்றேன். மனைவி என் பக்கம் தண்ணீர்ச் செம்பை நகர்த்தினாள்.

நாலு நாள் கழித்துப் பதினொன்றாம் வகுப்புக்கு எந்தப் பிரிவு என்று பேச்சு வந்தது. கணக்குதான் வந்துவிட்டதே, இனி வேறென்ன என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே, வரலாறும் பொருளியலும் வருகிற பிரிவு, கணக்கு கிடையாது என்றாள்.

“இவ்வளவு கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டு அதை விடப் போறியா?”

“போன வருஷம் விட்டிருந்தா பயந்து விட்டதா இருக்கும். இப்ப போட முடியும், ஆனா பிடிக்கல. ரெண்டும் வேறதானேப்பா?”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் இன்னொரு இட்லி வைத்தாள், எனக்கில்லை, மகளுக்கு. தீர்ப்பு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க ஆபீஸில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கணக்கு பிடித்துப்போய்விட்டது, அதுதான் சிக்கல். அவளுக்கும் பிடிக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை என்பது சாயங்காலம் வீடு வந்து சேர்வதற்குள் ஒருவழியாகப் பழகிவிட்டது.

சேர்க்கைக்கு நானும் அவளும் மட்டும் போனோம். மனைவிக்குக் கடையில் விடுப்பு கிடைக்கவில்லை. விண்ணப்பத்தை முழுக்க மகளே நிரப்பினாள். நான் பக்கத்தில் நின்று பேனா மட்டும் கொடுத்தேன். கடைசியில் என் பக்கம் நகர்த்தி, “கையெழுத்துப் போடுப்பா” என்றாள். தலையைச் சாய்த்து, எங்கள் சாரின் வக்காலத்தில் காட்டுகிற கவனத்தோடு போட்டேன்.

அலுவலக அறையில் இருந்த அம்மா தாளை வாங்கிப் பார்த்தார். என்னை ஒரு முறை பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

“சார், மாணவர் கையொப்பம்னு இருக்கற இடத்துல நீங்க போட்டிருக்கீங்க. நீங்களா சேரப் போறீங்க?”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் மேசை இழுப்பறையிலிருந்து வேறொரு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். மகள் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அதை வாங்கி, மறுபடி முதலிலிருந்து பெயர், பிறந்த தேதி, முகவரி என்று எழுத ஆரம்பித்தாள். நான் அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

அடக்கிக்கொண்டு வெளி கேட் வரை வந்துவிட்டாள். நான் ஸ்கூட்டரைக் கிளப்ப, அவள் பின்னால் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பித்தாள். பாண்டி பஜார் திரும்பும் வரை என் முதுகில் தலையை முட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாள். வண்டி ஆடியது. “ஒழுங்கா உட்காரு” என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு நானும் சிரிக்க ஆரம்பித்ததால், ஓரமாக ஒரு இளநீர் வண்டிப் பக்கம் நிறுத்த வேண்டியதாயிற்று.